வேலாயுதம் அண்ணனின் சிவப்புப் பொட்டு

செய்தி வந்தபோது நான் தாமுவேயில் என் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மிஷினைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கரண்டு இல்லாத காலை. போனில் வேலாயுதம் அண்ணனின் மகள் மீனா. "சித்தப்பா, அப்பா போயிட்டாங்க. மொஹிங்கா சாப்பிட்டாங்க, கை கழுவ எந்திரிச்சாங்க, அப்படியே சுவத்தப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்துட்டாங்க" என்றாள். அதற்கு மேல் தமிழில் சொல்ல அவளுக்கு வார்த்தை வரவில்லை, பர்மியில் அழுதாள். கையிலிருந்த எண்ணெயைக்கூடத் துடைக்காமல் பஸ் ஏறினேன். மிங்கலா தாங்ஞுன்டில் இறங்கி, ரயில் பாதை ஓரமாக, இந்த அறுபத்தாறு வயதில் ஓடினேன்.

அன்று பாடைக்குத் தோள் கொடுத்தேன். கூடப் பிறந்தவனைப் போல அழுதான் என்று உங்களில் சிலர் பிறகு பேசிக்கொண்டீர்களாம். அழுதது உண்மைதான், அதை நான் மறுக்கப் போவதில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று மண்டபத்தில் வாசிக்க நினைவஞ்சலி ஒன்று எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் சுப்பிரமணி அன்றைக்கே கேட்டார். "அண்ணே, அந்தத் துப்பாக்கி விசயத்த மட்டும் விட்டுறாதீங்க. கூட வேல பாத்தவன் செஞ்ச தப்ப தன் தலையில போட்டுக்கிட்ட மனுசன். அப்பிடி ஒரு ஆளு இனிமே கெடைக்குமா?" தப்புச் செய்த அந்தக் 'கூட வேல பாத்தவன்' நான்தான் என்பது சுப்பிரமணிக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக நீங்கள் எல்லோரும் இதைச் சொல்லிவருகிறீர்கள், நானும் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். எழுதுகிறேன் என்றேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. சுப்பிரமணி கேட்ட துப்பாக்கி விஷயம் இதில் இருக்கிறது. அவர் கேட்டபடி இருக்காது.

பட்டறையைப் பார்த்திராத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலாயுதம் அண்ணன் துப்பாக்கி செய்தவர் அல்ல. உரிமம் வைத்திருந்த தோட்டக்காரர்களும் வயல்காரர்களும் கொண்டுவரும் வேட்டைத் துப்பாக்கிகளைத் துடைத்து, பழுது பார்த்துக் கொடுத்தவர். பட்டறை உரிமம் அவருடைய அப்பா காலத்தில் வாங்கியது. நான் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்துவிட்டு அவரோடு சேர்ந்தேன். அவருக்கு என்னைவிட இரண்டே வயது அதிகம். வீட்டின் பின்கட்டில் ரயில் பெட்டியிலிருந்து கழற்றிய தேக்குப் பலகைதான் எங்கள் மேஜை. அதன் ஒரு முனையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ். இரும்பு இரும்பைக் கடிக்கக் கூடாது என்று அதன் இரண்டு தாடையிலும் எருமைத் தோல் ஒட்டியிருந்தார். பித்தளைச் சுத்தியல் ஒன்று, மரச் சுத்தியல் ஒன்று, குழல் துடைக்கும் கம்பிகள், பித்தளைப் பிரஷ், எண்ணெய் தொட ஒரு கோழி இறகு, பழைய லொஞ்சிக் கைலித் துணி. கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே போட்டு வைக்க முட்டை அட்டை. அவருக்குப் பெருமை திருப்புளிகளில்தான். முப்பதுக்கு மேல் இருக்கும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. இன்ன திருகாணியின் வெட்டுக்கு இன்ன திருப்புளி என்று ஒவ்வொன்றின் நுனியையும் தானே தீட்டி வைத்திருந்தார். "ஆணித் தல கிழிஞ்சிருந்தா, அதத் தொறந்தவன் யோக்கியத வெளிய தெரிஞ்சிரும்" என்பார். நான் எண்ணெயைத் தாராளமாக விட்டால், "சாமிக்கு ஊத்தாத கணேசா, கொழந்தைக்கு மருந்து குடு" என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

ஒருநாள் ரப்பர் தோட்ட முதலாளி ஒருவர் வந்தார். பெரிய மனிதர், வாசலில் ஜீப் நிற்கிறது. துப்பாக்கியை மேஜை மேல் போட்டுவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்ல, காலியாத்தான் இருக்கு, சீக்கிரம் பாரு" என்றார். அண்ணன் குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி மடக்கித் திறந்தார். தோட்டா ஒன்று எழும்பி நின்றது. அதை எடுத்து அந்த முதலாளியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, நாற்காலியைக் காட்டினார். "ஒக்காருங்க, டீ சாப்புடுங்க. நடுக்கம் நின்னப்புறம் பேசுவோம்." அந்த மனிதர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "காலியா இருக்குன்னு சொல்றவன் துப்பாக்கியத்தான் ரெண்டு தடவ பாக்கணும். ஆளு சொல்றத நம்பாத. தொறந்து பாரு." இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிலாகித்திருக்கிறேன். அந்தப் புத்தி எனக்குத் துப்பாக்கியோடு நின்றுபோனதுதான் கோளாறு.

எங்கள் இருவருக்கும் வேலையில் ஒரு வித்தியாசம் இருந்தது. நான் ஒரு துப்பாக்கியை மூடினால் எல்லா ஆணிகளின் வெட்டும் குழலின் நீளவாக்கில் ஒரே வரிசையாக நிற்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. அவருக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. "ஒன் ஆணியெல்லாம் கோயில்ல பிரசாதம் வாங்க வரிசையில நிக்குது" என்று கிண்டல் செய்வார். அவருடைய ஆணிகள் இஷ்டத்துக்குத் திரும்பி நிற்கும். ஆனால் இறுக்கி முடித்ததும் அண்ணியின் நகப் பூச்சுக் குப்பியைத் திறந்து ஒவ்வொரு ஆணியின் ஓரத்திலும் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார். காய்ந்தால் ஆணி அசையாது. பொட்டு உடையாமல் அந்த ஆணியை யாரும் திறக்கவும் முடியாது. "நீ வரிசை, நான் பொட்டு. யாரு வேலைன்னு நாளைக்குப் பஞ்சாயத்து வராது பாரு" என்று சிரிப்பார். பஞ்சாயத்து வந்தபோது எனக்கு இது ஞாபகத்துக்கே வரவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் த்வாண்டேயிலிருந்து பெருமாள் என்ற வயல்காரர் தன் அப்பாவின் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். வயலில் காட்டுப்பன்றித் தொல்லை. உள்ளே துரு, கட்டையில் விரிசல். மூன்று நாள் வேலை செய்தேன். துப்பாக்கியைச் சுடவைக்கும் விசைப் பூட்டைக் கழற்றி, துடைத்து, மாட்டி, என் வழக்கப்படி ஆணிகளை வரிசையில் நிறுத்தி மூடினேன். மறுநாள் மோல்மேனில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் என்று கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது பெருமாள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போயிருந்தார். அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் செய்தி வந்தது. படகில் ஏறும்போது துப்பாக்கியைப் பக்கப் பலகையில் சாய்த்து, குழலின் வாயில் கையை ஊன்றியிருக்கிறார். யாரும் விசையைத் தொடவில்லை, அதுவாக வெடித்துவிட்டது. பெருமாளின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

அண்ணன் தனியாக த்வாண்டேக்குப் போனார். மாலையில் திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார். "கணேசா, நீ போட்ட ஆணி ஒண்ணு தளந்துருச்சுப்பா. விசையப் புடிச்சு நிறுத்துற நாக்கு சரியா ஒக்காரல." நான் பார்க்க வேண்டும் என்றேன். "பாத்து என்ன ஆவப்போவுது? மனசுதான் கெட்டுப்போவும். பூட்டக் கழட்டி ஆத்துல போட்டுட்டேன், இனி அது யாரு கைக்கும் வரக் கூடாது." அதை நான் கருணை என்று எடுத்துக்கொண்டேன். அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு இதே மண்டபத்தில் கூட்டம் போட்டீர்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் இப்போதும் இருக்கிறீர்கள். அண்ணன் எழுந்து நின்று சொன்னார்: "கணேசன் கை தவறிருச்சு. மனுசன் கைதான. பட்டற எம் பேர்ல இருக்கு, பழியும் எம் பேர்லயே இருக்கட்டும். அவன ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக் கூடாது." நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன். பழி அவர் பேரில் இருக்கட்டும் என்ற அந்தப் பேச்சில் முதலில் வந்த பெயர் என்னுடையது. அதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

ஒன்றும் சொல்லக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டபடி நீங்கள் நேரில் ஒன்றும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் 'விரல் கணேசன்' என்றீர்கள். நம் ஊரில் கணேசன்கள் அதிகம், அடையாளத்துக்கு ஒன்று வேண்டும்தான். என் மகன் பள்ளியிலிருந்து வந்து, "அப்பா, நீ யாரு விரல வெட்டுன?" என்று கேட்டான். அந்த மாதமே பட்டறையை விட்டுவிட்டு தாமுவேக்குக் குடிபோனேன். அதன் பிறகு ஒரு துப்பாக்கியையும் நான் தொட்டதில்லை. உரிமத் துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைக்கச் சொன்ன பிறகு அந்தத் தொழிலே இங்கே இல்லாமல் போனது வேறு கதை. தையல் மிஷின், தராசு, பூட்டு என்று வயிற்றைக் கழுவினேன். ஒரு மிஷினை முடித்தால் ஒவ்வொரு ஆணியையும் மூன்று தடவை இறுக்கிப் பார்ப்பேன். "என்ன ஊ கணேசன், மெஷினு பறந்துருமா?" என்று வாடிக்கைக்காரர்கள் பர்மிய 'ஊ' மரியாதை போட்டுக் கேட்பார்கள். சிரித்து வைப்பேன். தொழிலாளிக்குத் தன் கையின் மேல் நம்பிக்கை போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ஐம்பது வயதுகூட ஆகாமல் என் கையை நானே சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

தடிஞ்சுட் விளக்குத் திருநாளில் பெரியவர்களுக்குக் 'கடோ' செய்வது நமக்கும் பழக்கமாகிவிட்டது. பழமும் லொஞ்சியும் வைத்து, கை கூப்பி விழுந்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்போம். பலருக்கு அது சடங்கு. நான் நிஜமாகவே கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் அண்ணன் வீட்டுக்குப் போய், நெற்றி தரையில் பட விழுந்து, "அண்ணே, என் கையால வந்த பாவத்த மன்னிச்சிருங்க" என்பேன். கொரோனா வருஷத்தில் என் வீட்டுத் தரையில் விழுந்து போனிலேயே கேட்டேன். அவர் தலையில் கை வைத்து, "போப்பா, நான் எப்பவோ மறந்துட்டேன்" என்பார். எனக்காக இந்த மனிதர் எவ்வளவு சுமக்கிறார் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறுவேன்.

எட்டாம் நாள் மீனா ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தாள். மூடியில் பெயிண்டால் என் பெயர் எழுதியிருந்தது. "அப்பா ரொம்ப நாளாவே சொல்லிட்டு இருந்தாங்க, இது சித்தப்பாவுக்குன்னு" என்றாள். உள்ளே திருப்புளிகள் எல்லாம் இருந்தன. பித்தளைச் சுத்தியல் இருந்தது. அடியில் லொஞ்சித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தேன். ஆற்றில் போட்ட பூட்டு.

பெருமாள் துப்பாக்கியின் பூட்டுத்தான். தகட்டின் ஓரத்தில் நான் துருவைச் சுரண்டியபோது விழுந்த பிறைக்கீறல் எனக்கு மறக்குமா? உள் உறுப்புகளைப் பிடிக்கும் மூன்று ஆணிகள். மூன்றின் வெட்டும் மூன்று திசையில் நின்றன. மூன்றின் ஓரத்திலும் சிவப்புப் பொட்டு, கருத்துப் போயிருந்தாலும் கொஞ்சமும் உடையாமல் முழுசாக இருந்தது. நான் மோல்மேனில் இருந்தபோது அவர் இதைத் திறந்திருக்கிறார். மூடியதும் அவர்தான். அதற்குப் பிறகு உலகத்தில் யாரும் திறக்கவில்லை. தளர்ந்த ஆணி என்று ஒன்று இல்லவே இல்லை. பொட்டுகளை உடைத்து உள்ளே பார்த்தேன். விசையைப் பிடித்து நிறுத்தும் நாக்கின் விளிம்பில் நான் போடாத அரக் கோடுகள். விசை கனமாக இருக்கிறது என்று பெருமாள் சொல்லியிருப்பார், அண்ணன் தேய்த்து இலேசாக்கியிருக்கிறார். 'நாக்குல அரம் வைக்காத, வெச்சா யமனுக்கு வாசல் தொறந்து விடுற' என்று எனக்கு ஆயிரம் முறை சொன்னவர்.

மீனாவுக்கு விஷயம் புரியவில்லை. "என்ன சித்தப்பா, ஒடஞ்சிருக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! இரண்டு நாள் அந்தப் பூட்டையே எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி, "செத்த மனுசன விட்டுருங்க" என்றாள். என்னால் விட முடியவில்லை. பெருமாளிடமாவது சொல்லிவிட வேண்டும், உங்கள் விரலை எடுத்தது என் கை இல்லை என்று ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று பத்தாம் நாள் ஆற்றைக் கடந்து, டலாவிலிருந்து பஸ் பிடித்து த்வாண்டே போனேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. எந்த முகத்தோடு போவது?

பெருமாள் என்னைப் பார்த்ததும் வயலிலிருந்து ஓடிவந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். வலது கையில் மூன்று விரல். "கணேசண்ணே! நம்ம வீட்டுக்கு வந்துட்டீங்களே!" நான் உட்காரவில்லை. நின்றபடியே, பூட்டைக் காட்டி, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார்.

"இது எனக்குத் தெரியுமேண்ணே. நான் ஆசுபத்திரியில கெடக்கும்போதே அவரு வந்து கால்ல விழுந்து சொல்லிட்டாரே. தான்தான் அரம் போட்டேன்னு."

அப்போதுதான் உட்கார்ந்தேன். "என்ன சொன்னாரு?"

"உரிமம் எம் பேர்ல இருக்கு, புள்ள சின்னது, வெளிய தெரிஞ்சா பட்டறைய மூடிருவாங்க, கணேசன் தன் பேர்ல ஏத்துக்கறேன்னு சொல்லிட்டான், நீங்களும் யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னாரு. கூடப் பொறந்தவன்கூட செய்ய மாட்டான்ணே, நீங்க செஞ்சத. எம் புள்ளைங்ககிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கேன் தெரியுமா ஒங்கள பத்தி?"

ஆக, ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவர் தியாகி, அந்தப் பக்கம் நான் தியாகி. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு மனிதர் படகேறிப் போய்வந்து இரண்டு கதையையும் காப்பாற்றியிருக்கிறார். உண்மையை அவர் சொல்லாத ஒரே ஆள் நான்தான்.

பெருமாள் விடவில்லை. "வருசா வருசம் அறுப்பு முடிஞ்சதும் அவருகிட்ட ஒங்களுக்குன்னு ஒரு மூட்ட புது அரிசி குடுத்து விட்டேனே, வந்துச்சுல்லண்ணே?"

வந்தது. ஒவ்வொரு வருஷமும் வந்தது. 'எடுத்துக்கடா, ஒனக்குத்தான்' என்று அண்ணன் கையால் கொடுத்தார். அவர் கொடுத்ததாக நினைத்து நானும் என் மனைவியும் அவர் வீட்டு வாசலில் நின்று நன்றி சொல்லிவிட்டு வந்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அந்தச் சோற்றை நான் உட்கார்ந்து தின்றிருக்கிறேன்.

"வந்துச்சு பெருமாள்" என்றேன். "நல்ல அரிசி." அவரிடம் வேறென்ன சொல்ல முடியும்?

திரும்பி வந்து முதலில் மீனாவிடம் சொன்னேன். அவள் அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் மண்டபத்தில் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. பூட்டை வாங்கி லொஞ்சித் துணியில் திரும்பச் சுற்றினாள். பிறகு, "எனக்குத் தமிழ் படிக்க வராது சித்தப்பா. நீங்க வாசிக்கும்போது முன்னாடிதான் ஒக்காந்திருப்பேன். யாரோ ஒருத்தருன்னு எழுதாதீங்க. அப்பா பேரப் போட்டே எழுதுங்க" என்றாள். அதனால்தான் பேரைப் போட்டு எழுதியிருக்கிறேன். இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் யாரும் இதைப் பற்றிக் கேட்டு நோகடிக்க வேண்டாம்.

அண்ணன் கெட்டவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பூட்டை அவர் நிஜமாகவே ஆற்றில் எறிந்திருக்கலாம், ஒரு நொடி வேலை. எறியவில்லை. பொட்டைச் சுரண்டக்கூட இல்லை. என் பெயரை எழுதி வைத்திருந்தார். பயந்தார் என்பது புரிகிறது. முதல் வருஷம் பயந்தார், சரி. பத்தாவது வருஷம்? என் மகன் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாரே, அன்றைக்கு? என் கையை நான் நம்பாமல் மூன்று தடவை ஆணி இறுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். 'விடுப்பா, சரியாத்தான் இருக்கு' என்று மட்டும் சொன்னார். செத்த பிறகு எனக்குத் தெரியட்டும் என்று நினைத்திருக்கிறார். உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், அடித்தேகூட இருப்பேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் டீ குடித்திருப்போம். அந்தச் சண்டையைக்கூட எனக்குக் கொடுக்காமல் போய்விட்டாரே என்பதுதான் என் துக்கம்.

திருப்புளிகளின் மேல் எனக்குக் கோபம் இல்லை, தையல் மிஷினுக்கு உதவும். மற்றபடி, அண்ணனை மன்னித்துவிட்டாயா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இருபத்திரண்டு தடிஞ்சுட்டுக்கும் நெற்றியைத் தரையில் வைத்துக் கேட்டவன் நான். நான் கேட்ட அந்த இருபத்திரண்டு மன்னிப்பையும் இன்று இந்த மண்டபத்தில் உங்கள் எல்லோர் முன்னாலும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். திருப்புளிகள் போக, அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான்.